அறுந்த சங்கிலியும் அசையாத சுவரும்

2024 ஆகஸ்ட் 10, சனிக்கிழமை இரவு. கர்நாடகத்தின் ஹொஸபேட்டையை ஒட்டிய துங்கபத்ரா அணையில் தண்ணீர் விளிம்பு வரை நின்றது. 105 டிஎம்சி பிடிக்கும் அணை, அந்தப் பருவத்தில் நிரம்பிவிட்ட நிம்மதியில் மூன்று மாநில விவசாயிகள் நடவு வேலையில் இருந்தார்கள். நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் 19-வது மதகைப் பிடித்துக்கொண்டிருந்த சங்கிலி அறுந்தது. 60 அடி அகலமும் 20 அடி உயரமும் கொண்ட இரும்புக் கதவு வெள்ளத்தோடு போயிற்று. அந்த ஒரு கண் வழியாக மட்டும் விநாடிக்கு சுமார் 35,000 கன அடி தண்ணீர் பீறிட்டது.

அணையில் மொத்தம் 33 மதகுகள். ஒன்றின் கதவு போனதும் அதிகாரிகள் செய்த முதல் வேலை, மற்ற மதகுகளையும் திறந்துவிட்டதுதான். உடைந்த கண்ணின் மீதிருக்கும் அழுத்தத்தைக் குறைக்கவும் அணையின் நீர்மட்டத்தை இறக்கவும் அதைத் தவிர வேறு வழியில்லை. மாதக்கணக்கில் சேர்த்த தண்ணீரைத் தம் கையாலேயே ஆற்றில் விட வேண்டிய நிலை. கரையோர ஊர்களுக்கு இரவோடு இரவாக எச்சரிக்கை போனது.

இத்தனைக்கும் அணையின் சுவருக்கு ஒரு கீறலும் இல்லை. அன்றைய சென்னை மாகாணமும் ஹைதராபாத் சமஸ்தானமும் 1945-ல் தொடங்கிய அணை அது. சென்னை மாகாணப் பொறியாளர் திருமலை ஐயங்கார் முன்னின்று கட்டியது. சுண்ணாம்பும் செங்கல் பொடியும் கலந்த சுர்க்கிக் காரையில் கருங்கல்லை அடுக்கி எழுப்பிய அந்தச் சுவர், 1953 முதல் நீரைத் தாங்கி நிற்கிறது. அன்றிரவு தோற்றது சுவர் இல்லை. அதில் தொங்கிய சங்கிலி.

இந்தியாவின் பழைய அணைகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே நம் மனம் சுவரின் மீதுதான் போகிறது. சுவர் உடையுமா, நிலநடுக்கம் வந்தால் தாங்குமா, எத்தனை ஆண்டு ஆயுள் என்று கேட்கிறோம். கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் கடந்த பத்தாண்டுகளில் நமக்கு அருகில் நடந்த விபத்துகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. சங்கிலி, கதவு, பின், போல்ட், வடிகால் துளை என்று அசைகிற, தேய்கிற, துருப்பிடிக்கிற சின்னச் சின்ன உறுப்புகளில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. அவற்றைத் தினமும் பார்க்க வேண்டிய கண்கள் குறைந்துகொண்டே போகின்றன.

ஓடும் நீரில் ஓர் அடைப்பு

துங்கபத்ராவில் அடுத்து நடந்தது பொறியியல் மாணவர்கள் பாடமாகவே படிக்க வேண்டிய சம்பவம். மதகுக்கு முன்னால் மாற்றுக் கதவு இறக்குவதற்கான வசதி இருந்தால், ஷட்டர் பழுதாகும்போது ‘ஸ்டாப் லாக்’ எனப்படும் இரும்புப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி நீரை நிறுத்திவிடலாம். கடைத்தெருவில் கடையை மூடப் பலகைகளை வரிசையாகச் செருகுவார்களே, கிட்டத்தட்ட அதுபோல. துங்கபத்ரா மதகுகளில் அந்த ஏற்பாடு இல்லை. நீர்மட்டம் மதகின் அடிமட்டத்துக்கு இறங்கினால்தான் புதுக் கதவு பொருத்த முடியும், அதற்கு 60 டிஎம்சி அளவுக்குத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும் என்று முதலில் கணக்குப் போட்டார்கள். அத்தனையும் போனால் பல லட்சம் ஏக்கர் பயிரின் கதி என்ன?

மதகு வேலையில் வாழ்நாள் அனுபவம் கொண்ட, எழுபதைக் கடந்த கண்ணய்யா நாயுடு என்ற வல்லுநரை வரவழைத்தார்கள். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே தற்காலிகப் பலகைகளை இறக்கிவிடலாம் என்றார் அவர். 60 அடி நீளத்தில், தலா 4 அடி உயரத்தில் ஐந்து துண்டுகளாக இரும்புப் பலகைகள் அவசர அவசரமாகத் தயாராயின. ஆகஸ்ட் 16 மாலை, கிரேனில் தொங்கிய முதல் பலகை பாய்ந்தோடும் நீருக்குள் இறங்கி உட்கார்ந்தது. மறுநாளுக்குள் மீதி நான்கும் இறங்கின. முப்பது டிஎம்சிக்கும் மேற்பட்ட நீர் ஆற்றோடு போயிருந்தது. மீதி பிழைத்தது. பின்னர் பெய்த மழையில் அணை மீண்டும் நிரம்பியது விவசாயிகளின் அதிர்ஷ்டம்.

இந்தக் கதையில் கவனிக்காமல் விடக்கூடாத செய்தி ஒன்று உண்டு. அணைக் கதவுகள் செய்வதற்கென்றே அதே ஹொஸபேட்டையில் துங்கபத்ரா ஸ்டீல் புராடக்ட்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் இருந்தது. நஷ்டத்தில் ஓடுகிறது என்று 2015-ல் அதை மூட மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. ஒன்பது ஆண்டுகள் கழித்து அதே ஊரில் கதவு பறிபோனபோது, பணியிலிருந்து ஓய்வுபெறும் வயதை எப்போதோ தாண்டிவிட்ட ஒரு பெரியவரின் அனுபவத்தைத்தான் நாடு தேடிப் போக வேண்டியிருந்தது.

நம் வாசலில் மூன்று முறை

‘அது கர்நாடகத்தில்’ என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. 2017 நவம்பர் 29 அன்று கிருஷ்ணகிரி கேஆர்பி அணையின் முதல் ஷட்டர் உடைந்தது. தென்பெண்ணையில் காமராஜர் காலத்தில், 1957-ல் திறக்கப்பட்ட அணை. அறுபது ஆண்டு துருவைத் தாங்கி நின்ற கதவு, ஒரு நாள் தாங்கவில்லை. அணையின் எட்டு மதகுகளில் ஒன்று போன பிறகுதான் மீதி ஏழுக்கும் புதுக் கதவு என்ற முடிவு வந்தது.

அடுத்த ஆண்டே முக்கொம்பு. 2018 ஜூலையில் மேட்டூர் அணை ஐந்தாண்டுக்குப் பிறகு நிரம்பியிருந்தது. ஆகஸ்டில் விநாடிக்கு இரண்டு லட்சம் கன அடிக்கும் மேல் காவிரியில் திறந்துவிட வேண்டியிருந்தது. அந்த வெள்ளத்தைக் கொள்ளிடத்தில் திருப்பிவிடுவது திருச்சிக்கு மேற்கே உள்ள முக்கொம்பு மேலணை. 1836-ல் ஆர்தர் காட்டன் கட்டியது. ஆகஸ்ட் 22 இரவு அதன் 45 மதகுகளில் ஒன்பது வரிசையாக அடித்துச் செல்லப்பட்டன. ஆற்றில் அளவுக்கு மீறி மணல் அள்ளியதில் அடித்தளம் பலவீனப்பட்டுவிட்டது என்று விவசாயிகள் கொதித்தார்கள். உடைப்பை மறிக்க ஆயிரக்கணக்கான மணல் மூட்டைகளையும் பாறைகளையும் கொட்டினார்கள். அருகிலேயே 387.60 கோடி ரூபாயில் புதிய கதவணை கட்டி 2022-ல்தான் திறக்க முடிந்தது.

அதே 2022-ன் செப்டம்பர் 21 அதிகாலையில் பரம்பிக்குளம். கேரள எல்லைக்குள் இருந்தாலும் தமிழகம் பராமரிக்கிற அணை. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் இதயம். இங்கே சேரும் தண்ணீர் தூணக்கடவு வழியாகச் சர்க்கார்பதி மின் நிலையத்துக்குப் போய் விசையாழியைச் சுழற்றிவிட்டுக் கோவை, திருப்பூர் வயல்களுக்கு வருகிறது. அணையின் மூன்று ஷட்டர்களில் நடு ஷட்டரின் எதிர் எடையைத் தாங்கிய சங்கிலி அறுந்தது. ஷட்டர் பிய்த்துக்கொண்டு போக, விநாடிக்கு சுமார் 20,000 கன அடி வீதம் தண்ணீர் சாலக்குடி ஆற்றுப் பக்கம் பாய்ந்தது. ஐந்து டிஎம்சிக்கும் மேற்பட்ட நீர், அதாவது கொங்கு மண்டலத்தின் ஒரு பருவச் சாகுபடிக்கான நம்பிக்கை, நாலைந்து நாளில் கடலைப் பார்க்கப் போய்விட்டது.

பரம்பிக்குளத்தில் சங்கிலி. இரண்டு ஆண்டு இடைவெளியில் துங்கபத்ராவிலும் சங்கிலி.

இந்தச் சங்கிலியைக் கிட்டத்தில் பார்த்தால் சைக்கிள் செயின்தான் நினைவுக்கு வரும். தட்டையான இரும்புப் பட்டைகள், அவற்றைக் கோக்கும் பின்கள், பட்டை உருளையில் ஏறி இறங்கும்போது திரும்பும் கணுக்கள். வித்தியாசம் எடையில்தான். ஒரு கதவே பல டன் கனம். அதன்மேல் ஏரி முழுதும் சாய்ந்து நிற்கும் அழுத்தம் வேறு. கணுவுக்குள் கிரீஸ் காய்ந்தால் பின் திரும்பாது. திரும்பாத பின், பட்டையின் துளையை அறுக்கும். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்க, உள்ளே மயிரிழை விரிசல் ஓடிக்கொண்டிருக்கும். வெறுங்கண்ணுக்கு அது தெரியாது. பின்னைக் கழற்றித் துடைத்து, சாயம் தடவியோ ஒலியலைக் கருவி வைத்தோ சோதித்தால்தான் தெரியும். அதைச் செய்ய ஆளும் நேரமும் பணமும் வேண்டும். முக்கியமாக, சங்கிலியைக் கழற்றும் நேரத்தில் கதவைத் தாங்க ஸ்டாப் லாக் வேண்டும்.

தொண்ணூறைக் கடந்த மேட்டூர்

தமிழகத்தில் நீர்மின்சாரம் என்றால் முதலில் வருவது நீலகிரியின் பைக்காரா. 1932-ல் உற்பத்தி தொடங்கியது. ஆனால் மாநிலத்தின் வயிறும் விளக்கும் ஒரே இடத்தில் கட்டுண்டு கிடப்பது மேட்டூரில்தான்.

1924-ல் சென்னை மாகாணமும் மைசூரும் காவிரி நீருக்காக ஒப்பந்தம் போட்டன. அதே ஆண்டு ஜூலையில் தென்னிந்தியா கண்ட பெருவெள்ளம் காவிரியையும் புரட்டிப் போட்டது. அடுத்த ஆண்டு வேலை தொடங்கியது. கர்னல் எல்லிஸ் வகுத்த திட்டம், சுமார் 4.80 கோடி ரூபாய் செலவில் முடிந்து, 1934 ஆகஸ்ட் 21 அன்று அன்றைய கவர்னர் ஸ்டான்லியால் திறக்கப்பட்டது. 5,300 அடி நீளச் சுவர். 120 அடிக்கு நீர் நின்றால் 93.47 டிஎம்சி. கோடையில் மட்டம் இறங்கும்போது பண்ணவாடிப் பக்கம் நீருக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் நந்தியும் கிறிஸ்தவ ஆலயத்தின் இரட்டைக் கோபுரமும், இந்த அணைக்காக ஊரை விட்டு எழுந்துபோன மக்களின் முகவரிகள்.

1937-ல் அணையின் அடிவாரத்திலேயே மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. இன்று அதன் திறன் 50 மெகாவாட். 1960-களில் சுரங்க மின் நிலையம் வந்தது. அது 200 மெகாவாட். கீழே செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று காவிரியின் படிக்கட்டுகளில் அமைந்த கதவணை மின் நிலையங்கள் ஒவ்வொன்றும் 30 மெகாவாட் தருகின்றன. ஜூன் 12 அன்று டெல்டாவுக்குத் திறக்கும் தண்ணீர் இவற்றையெல்லாம் சுழற்றிவிட்டுத்தான் கல்லணையை அடைகிறது. சுமார் 16 லட்சம் ஏக்கர் நிலம் காத்திருக்கும் நீர் அது. இந்த ஏற்பாட்டில் நீர்வளத் துறையின் மதகும் மின்வாரியத்தின் விசையாழியும் ஒரே மாட்டின் இரண்டு கொம்புகள். ஒன்றில் பழுதென்றால் மற்றதும் முடங்கும்.

அணையின் அடிவார நிலையமும் சுரங்க நிலையமும் சேர்ந்து விநாடிக்கு இருபதாயிரம் கன அடியைச் சற்றுத் தாண்டித்தான் விழுங்க முடியும். அதற்கு மேல் வருவதெல்லாம் அணையின் இடப்புறத்தில் தனியாக இருக்கும் உபரிநீர்ப் போக்கிக்குப் போகிறது. எல்லிஸ் பெயரைத் தாங்கிய அதை ஊரார் ‘16 கண் மதகு’ என்கிறார்கள். ஒவ்வொரு கண்ணும் 60 அடி அகலம், 20 அடி உயரம். துங்கபத்ராவில் பறிபோன கதவின் அதே அளவு. பல ஆண்டுகள் மழையில்லாமல் மூடியே கிடக்கும் இந்தக் கதவுகள், வெள்ளம் வரும் ஆண்டில் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் எழ வேண்டும். 2024-ல் மட்டும் அணை மூன்று முறை 120 அடியைத் தொட்டது. அப்படிப்பட்ட ஆண்டில் பதினாறு கண்களும் ஒழுங்காகத் திறந்து மூடின என்றால், அதற்குப் பின்னால் ஷட்டர் மேடையில் நின்று கிரீஸ் பூசிய, கயிற்றின் இழை எண்ணிய, மோட்டாரை ஓட்டிப் பார்த்த, லஸ்கர்கள் எனப்படும் மதகுப் பணியாளர்களின் பல மாத உழைப்பு இருக்கிறது. தண்ணீர் திறக்கும் நாளில் மலர் தூவும் படத்தில் அவர்கள் இருப்பதில்லை.

சுவருக்குள் ஒரு நடைபாதை

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அணை என்பது கெட்டியான ஒரு மலை. பெரிய கல்லணைகள், கான்கிரீட் அணைகள் பலவற்றின் வயிற்றுக்குள் ஆள் நடக்கிற உயரத்தில் ஒரு சுரங்கப் பாதை போகிறது. கேலரி என்பார்கள். உள்ளே இறங்கினால் வெளியில் கொளுத்தும் வெயில் மறந்துபோகும் குளிர்ச்சி. சுவரில் ஈரம் பளபளக்கும். ஓரத்து வாய்க்காலில் சன்னமாக நீர் ஓடும். பயந்துவிட வேண்டாம், கசியாத அணை உலகில் இல்லை. நீர் சுவர் வழியாகவும் அடிப்பாறை வழியாகவும் ஊடுருவத்தான் செய்யும். அந்த நீர் அணையின் அடியில் தேங்கினால் அணையை மேல்நோக்கித் தூக்கப் பார்க்கும். சுவரின் கனம்தான் அதன் பலம். அடியிலிருந்து நீர் தூக்கினால் அந்தக் கனம் குறைந்ததற்குச் சமம். அதனால்தான் கேலரியிலிருந்து பாறைக்குள் துளைகள் போட்டு, ஊறும் நீரை வெளியே வரவழைக்கிறார்கள்.

பழைய அணைகளில் நடக்கும் தேய்மானம் இங்கேதான் தெரியும். ஊறும் நீர், காரையிலிருக்கும் சுண்ணாம்பைக் கரைத்து எடுத்து வரும். வெளிக்காற்றுப் பட்டதும் அது வெள்ளை வெளேரென்று படிந்து, சுவரில் மெழுகு உருகி வழிந்தது போல் இறுகும். அழகாகக்கூட இருக்கும். ஆனால் அந்த வெள்ளைப் படிவு இரண்டு செய்திகளைச் சொல்கிறது. சுவரின் பசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது என்பது ஒன்று. வடிகால் துளைகளும் அதே படிவால் அடைபடலாம் என்பது இன்னொன்று. கசிவு திடீரென்று குறைந்தால் மகிழ்ச்சியடைய முடியாது. துளை அடைத்துக்கொண்டு நீர் அடியில் சேர்கிறதோ என்று பார்க்க வேண்டும். கசிவு கூடினாலும் ஆபத்து, கலங்கலாக வந்தால் பெரிய ஆபத்து. வாய்க்காலில் வைத்திருக்கும் வி வடிவத் தகட்டின் வழியே நீர் எத்தனை உயரத்தில் போகிறது என்று அளந்து, பதிவேட்டில் ஏற்றுகிறார் ஓர் ஊழியர். பல ஆண்டுப் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் அணையின் உடல்நிலை விளங்கும். ஒரு மாதம் ஏடு வெற்றாகக் கிடந்தால், நோயாளியின் ஒரு மாதக் காய்ச்சல் அட்டை தொலைந்துபோனதற்குச் சமம்.

கசிவைக் கவனித்துக் காப்பாற்றிய அணை ஒன்று நம்மிடமே இருக்கிறது. வால்பாறை மலையில் கடம்பாறை. இரவில் மலிவாகக் கிடைக்கும் மின்சாரத்தில் நீரை மேலேற்றி, மாலைத் தேவை நேரத்தில் கீழிறக்கி மின்சாரம் எடுக்கும் 400 மெகாவாட் நிலையம். அதன் கல்லணையில் கசிவு கூடிக்கொண்டே போய், நிமிடத்துக்கு 38,000 லிட்டர் வரை எட்டியது. காரை அடைத்துப் பார்த்தும் நிற்கவில்லை. 2005-ல் மின்வாரியம் நீரைப் பார்த்த சுவர் முழுவதையும் ஜியோமெம்பிரேன் என்னும் தடித்த பிவிசி விரிப்பால் போர்த்தியது. அணைக்கு ஒரு மழைக்கோட்டு என்று வைத்துக்கொள்ளலாம். கசிவு நிமிடத்துக்கு நூறு லிட்டருக்கும் கீழே இறங்கியது. பின்னாளில் திருநெல்வேலி மலையிலுள்ள சேர்வலாறுக்கும் நீலகிரியின் அப்பர் பவானிக்கும் அதே வைத்தியம் நடந்தது. வயதான அணையை இடிக்காமல், காலி செய்து விடாமல், இன்னும் பல பத்தாண்டு வாழவைக்க முடியும் என்பதற்கு நம் மலைகளிலேயே சாட்சி இருக்கிறது.

முல்லைப் பெரியாறு இன்னொரு சாட்சி. 1895-ல் பென்னி குவிக் சுர்க்கிக் காரையில் கட்டிய அணைக்கு, 1979-க்குப் பிறகு மேலே கான்கிரீட் தலைப்பு, பாறைக்குள் இறக்கி இறுக்கிய இரும்பு வடங்கள், பின்புறம் முட்டுக் கொடுக்கும் கான்கிரீட் சுவர் என்று மூன்று வகைப் பலம் சேர்த்தார்கள். 2014-ல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீர் தேக்கலாம் என்றது. கீழே வாழும் கேரள மக்களின் அச்சம் இன்னும் அடங்கவில்லை. அந்த அச்சத்தையும் மதித்துத்தான் ஆக வேண்டும். அளவீடுகளை இரு மாநிலமும் ஒளிவுமறைவின்றிப் பகிர்ந்துகொள்வது அதற்கு முதல் மருந்து.

49 போல்ட், 75 உயிர்

நீர்மின் அணையில் மதகைப் போலவே இன்னொரு பலவீனமான இடம் மின் நிலையத்துக்குள் இருக்கிறது. ரஷ்யாவின் யெனிசேய் ஆற்றில் சயானோ–சுஷென்ஸ்கயா என்றொரு ராட்சத நிலையம். பத்து விசையாழிகள், 6,400 மெகாவாட். 2009 ஆகஸ்ட் 17 காலையில், பல நூறு டன் எடையுள்ள இரண்டாவது விசையாழி தன் மூடியோடு தரையைப் பிளந்துகொண்டு மேலே எழுந்தது. பின்னாலேயே ஏறி வந்த நீர், இயந்திரக் கூடத்தை மூழ்கடித்தது. 75 பேர் இறந்தார்கள்.

காரணத்தைத் தேடியவர்கள் மூடியை இறுக்கியிருந்த போல்ட்டுகளை எடுத்துப் பார்த்தார்கள். ஆராய்ந்த 49-ல் 41 போல்ட்டுகளில் உலோகச் சோர்வால் வந்த விரிசல் இருந்தது. விசையாழி அதிர்ந்துகொண்டே ஓடியிருக்கிறது. மின்தேவை ஏறி இறங்கும்போதெல்லாம் அதன் சுமையையும் ஏற்றி இறக்கியிருக்கிறார்கள். அதிர்வு விரிசலாகி, விரிசல் முறிவாகி விட்டது. இன்னொரு குறையும் அன்று வெளிப்பட்டது. நிலையத்தில் மின்சாரம் போனதால், நீர் நுழையும் கதவுகள் தானாக மூடவில்லை. ஊழியர்கள் அணையின் உச்சிக்கு ஏறிப்போய்க் கையால் மூட வேண்டியிருந்தது. நாட்டுக்கே மின்சாரம் கொடுத்த அணையில், தன் கதவை மூடிக்கொள்ள மின்சாரம் இல்லை.

இது தொலைதூரக் கதை என்று விட்டுவிட முடியாதபடி காலம் மாறிவருகிறது. தமிழகத்தின் நீர்மின் நிலையங்கள் மொத்தம் சுமார் 2,300 மெகாவாட் திறன் கொண்டவை. ஒரு காலத்தில் மாநிலத்தின் முதுகெலும்பு. இப்போது பகலில் சூரிய ஒளியும் பருவத்தில் காற்றாலையும் வந்துவிட்டன. சூரியன் சாய்ந்ததும் எகிறும் தேவையைச் சில நிமிடங்களில் ஈடுகட்டும் வேலை நீர்மின்சாரத்தின் தலையில் விழுகிறது. சீராக ஓடுவதற்கென்று கட்டிய பழைய இயந்திரங்களை அடிக்கடி கிளப்பி நிறுத்தும்போது தேய்மானம் கூடத்தான் செய்யும். அதற்கேற்பப் பரிசோதனையின் இடைவெளியும் குறைய வேண்டும். மாற்றுக் கதவு, டீசல் ஜெனரேட்டர், கையால் இயக்கும் சுழல்பிடி மூன்றும் மழைக்காலத்துக்கு முன்பு ஒரு முறையாவது உண்மையிலேயே ஓட்டிப் பார்க்கப்பட வேண்டும்.

வண்டல் தின்னும் கொள்ளளவு

அணைக்கு வயதாவதில் சத்தமில்லாத இன்னொரு பக்கம் வண்டல். துங்கபத்ரா கட்டியபோது சுமார் 133 டிஎம்சி பிடித்தது. இன்று 105 டிஎம்சிதான். ஏறத்தாழ 28 டிஎம்சி இடத்தை மண் பிடித்துக்கொண்டது. மேட்டூரில் கட்டி முடித்து 83 ஆண்டு கழித்து, 2017 மே மாதத்தில்தான் முதன்முதலாகத் தூர்வாரும் பணி தொடங்கியது. வண்டலை விவசாயிகள் வயலுக்கு அள்ளிச் சென்றார்கள். நல்ல தொடக்கம். ஆனால் கொள்ளளவு குறைவது என்பது சேமிப்பு குறைவது மட்டுமில்லை. வெள்ளத்தை வாங்கித் தேக்கி மெல்ல விடும் இடமும் குறைகிறது. அணை சீக்கிரம் நிரம்பும், ஷட்டரைச் சீக்கிரம் தூக்க வேண்டும், ஆண்டுக்கு இத்தனை முறை என்றிருந்த இயக்கம் பெருகும். மண் சேரச் சேர, பாரம் மறுபடி அந்தச் சங்கிலிக்கே வருகிறது.

சட்டம் இருக்கிறது, கை வேண்டும்

1979 ஆகஸ்ட் 11 அன்று குஜராத்தில் மச்சு–2 அணையை வெள்ளம் தாண்டி ஓடி, மண் கரைகளை அடித்துச் சென்று, மோர்பி நகரத்தை விழுங்கியது. ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். மத்திய நீர் ஆணையத்தில் அணைப் பாதுகாப்புக்கென்று தனிப் பிரிவு அந்த ஆண்டில்தான் பிறந்தது. முழுமையான சட்டம் வர இன்னும் 42 ஆண்டு ஆயிற்று. 2021 டிசம்பர் 30 முதல் அமலில் இருக்கும் அணைப் பாதுகாப்புச் சட்டம், மழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு கட்டாயம் என்கிறது. ஒவ்வொரு அணைக்கும் அவசரகாலச் செயல்திட்டம் வேண்டும், பராமரிப்புக்கென்று தனி நிதி ஒதுக்க வேண்டும் என்கிறது. சட்டம் வந்து ஐந்தாண்டுக்குள் தனிப்பட்ட வல்லுநர் குழுவைக் கொண்டு முழுப் பாதுகாப்பு மதிப்பீட்டை முடிக்க வேண்டும் என்கிறது. அந்தக் கெடு 2026 டிசம்பர் 30.

தமிழகம் இந்தச் சட்டத்தை எதிர்த்தது. முல்லைப் பெரியாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் நான்கும் கேரள மண்ணில் இருக்கும் தமிழக அணைகள் என்பதால், அவற்றின் பிடி கைநழுவுமோ என்ற கவலையில் நியாயம் உண்டு. ஆனால் மாநில உரிமைக்கான வாதமும் ஷட்டரின் துருவும் தனித்தனி. யார் கையில் அதிகாரம் இருந்தாலும் சங்கிலிக்கு எண்ணெய் விட்டாக வேண்டும்.

பணத்தைப் பார்ப்போம். நாட்டில் பெரிய அணைகள் ஆறாயிரத்துக்கும் மேல். 2025-ல் அவற்றில் 1,115 அணைகள் ஐம்பது வயதை எட்டியோ தாண்டியோ இருக்கும் என்று ஐ.நா. பல்கலைக்கழகத்தின் 2021 அறிக்கை கணக்கிட்டது. உலக வங்கிக் கடனோடு நடக்கும் அணைகள் புனரமைப்புத் திட்டத்தின் இரண்டாம், மூன்றாம் கட்டங்களுக்கு ஒதுக்கியிருப்பது 10,211 கோடி ரூபாய். 736 அணைகள், பத்து ஆண்டு. சராசரியாக ஓர் அணைக்கு 14 கோடி. முக்கொம்பில் ஒன்பது கதவுகள் போனதற்குப் பிறகு செலவான 387.60 கோடியில், இந்தக் கணக்குப்படி 28 அணைகளைச் சீரமைத்திருக்கலாம்.

திட்டப் பணம் ஒரு முறை வரும். கதவு மாறும், பெயின்ட் அடிக்கப்படும், ஜெனரேட்டர் புதிதாக வரும். அடுத்த பத்தாண்டுக்கு அந்தக் கதவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா? லஸ்கர் ஓய்வுபெற்றால் அந்த இடம் காலியாகக் கிடப்பதும், இரண்டு மூன்று அணைகளை ஒரே பொறியாளர் கவனிப்பதும், ஒப்பந்தத் தொழிலாளி மதகின் குணம் தெரிவதற்குள் மாறிப்போவதும் பாசனத் துறை ஊழியர்கள் பல ஆண்டாகச் சொல்லும் குறை. எந்த ஷட்டர் எத்தனையாவது அடியில் உறுமும், எந்தக் கண்ணில் ரப்பர் சீல் சீக்கிரம் கிழியும் என்பது வரைபடத்தில் இல்லை. முப்பது ஆண்டு அந்த மேடையில் நின்றவருக்குத்தான் தெரியும். அவர் ஓய்வுபெறும் முன் இன்னொருவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ள ஏற்பாடு இருக்க வேண்டும்.

அரசு செய்யக்கூடியவை எட்டாத உயரத்தில் இல்லை. ஷட்டர் இருக்கும் ஒவ்வொரு அணையிலும் ஸ்டாப் லாக் தயாராக இருக்கிறதா என்று ஒரு பட்டியல். சங்கிலியோ கயிறோ கடைசியாக எப்போது கழற்றிச் சோதிக்கப்பட்டது என்று தேதி. லஸ்கர் பணியிடங்களில் எத்தனை காலி என்று எண்ணிக்கை. அணை உடைந்தால் எந்த ஊருக்கு எத்தனை நேரத்தில் நீர் வரும் என்று கரையோர மக்களின் கையில் ஒரு வரைபடம். அணையின் நீர்மட்டத்தைத் தினமும் வெளியிடுகிற துறையால் இந்த நான்கையும் ஆண்டுக்கொரு முறை வெளியிட முடியாதா என்ன?

அடுத்த ஜூன் 12 அன்றும் மேட்டூரில் கூட்டம் கூடும். பொத்தானை அழுத்தியதும் மதகு மெல்ல எழும், வெண்ணுரையாக நீர் பாயும், மலர் தூவுவார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன், பங்குனி, சித்திரை வெயிலில், 16 கண் மதகின் மேடையில் யாரோ இருவர் கிரீஸ் டப்பாவும் கம்பி பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு ஏறுவார்கள். துருவைச் சுரண்டி, கணுவைத் துடைத்து, பின்னைத் தட்டிப் பார்த்து, சத்தம் மாறினால் நின்று இன்னொரு முறை தட்டுவார்கள்.